மண்ணெண்ணெய் மேல் போட்ட பழி

அக்காவின் நுரையீரல் கெட்டுப்போன வருஷம் நான் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்திக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதன்பிறகு திருப்பூர், லாரி, மலைத்தோட்டம் என்று எந்த இடத்திலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததில்லை. மச்சான் ஆள் விட்டுக் கூப்பிட்டதும் மலையிறங்கி ராயப்பன்பட்டிக்கு வந்தேன்.

அக்கா இரும்புக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு நின்றால் அதுவும் நின்றுவிடும். அப்போது ஊரெல்லாம் கரண்டு வெட்டு. அறிவித்த நேரத்தில் போவது போக, அறிவிக்காத நேரத்திலும் போனது. அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. அது அடிக்கடி தீர்ந்தது.

நானும் மச்சானும் தேனிக்கு ஜெனரேட்டர் பார்க்கப் போனோம்.

"எதுக்குண்ணே? கடைக்கா, விசேஷ வீட்டுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மூச்சு விட" என்றார் மச்சான்.

கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இன்வெர்ட்டர் போதுமே என்றார். மழைக்காலத்தில் லைன் அறுந்தால் எங்கள் பக்கம் இரண்டு நாள்கூட ஆகும், பேட்டரி அதுவரை தாங்காது என்றேன். டீசல் ஜெனரேட்டர் பெரியது, அதற்குத் தளம் போட வேண்டும், கட்டில் வரை அதிரும். கடைசியில் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன மிஷினை நான்தான் கை காட்டினேன். ஸ்டோரில் அதே மாதிரி ஒன்றை இழுத்துப் பழகியிருந்தேன்.

அதில் இரண்டு டேங்க். சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். கயிற்றை இழுத்துப் பெட்ரோலில் கிளப்பி, இஞ்சின் சூடானதும் திருகை மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். ஆறின இஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. பிறகு எத்தனை இழுத்தாலும் கிளம்பாது. இதைத் தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருவன்தான்.

மிஷினை மாட்டுக் கொட்டத்தில் வைத்தோம். புகை அக்கா இருக்கும் பக்கம் வரக்கூடாது என்று புகைக்குழாயை நீட்டித் தெருப்பக்கம் திருப்பிவிட்டேன். பிளக்கில் கரி சேரும். ஞாயிற்றுக்கிழமை மச்சான் மாதா கோயில் பூசைக்குப் போன நேரத்தில் அதைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து வைப்பேன். ஆயில் கறுத்ததும் மாற்றுவேன். அக்கா படுத்தபடியே சத்தத்தைப் பழகிவிட்டாள். மண்ணெண்ணெயில் கொஞ்சம் கரகரப்பாக ஓடும், பெட்ரோலுக்கு மாறியதும் சத்தம் மெலிசாகும்.

ஒன்பது மாதம் ஒழுங்காக ஓடியது.

அன்றைக்குத் தெருவில் ஒரு சாவு. மச்சான் அந்த வீட்டுக்குப் போய்விட்டார். சிலிண்டரை முதல் நாள்தான் நிரப்பக் கொடுத்திருந்தோம். காலை பத்து மணிக்குப் போன கரண்டு பன்னிரண்டுக்கு வந்தது. சுவிட்சை மாற்றி அக்காவின் பெட்டியை லைன் கரண்டில் விட்டுவிட்டு, ஜெனரேட்டரைப் பெட்ரோலுக்கு மாற்றக் கொட்டத்துக்குப் போனேன். அதே சமயம் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் தெருமுனையில் திரும்பினார்கள்.

எங்கள் ஊரில் சாவு தெருவில் வரும்போது டிவி, ரேடியோ, மாவாட்டும் கிரைண்டர் எல்லாம் நின்றுவிடும். நிறுத்தாத வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, அந்தக் கழுதைய நிப்பாட்டு. தூக்கிட்டு வர்றாக, கண்ணு தெரியல?"

"ரெண்டு நிமிசம் ஆத்தா."

"ஒனக்காக அவுக ரெண்டு நிமிசம் தெருவுல காத்துக் கெடப்பாகளா? நிப்பாட்டுலே!"

அவ்வளவு பேரும் எங்கள் கொட்டத்தைப் பார்த்தார்கள். மச்சானும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்தினேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூட்டம் கல்லறைப் பக்கம் போய் மறைந்தது. உள்ளே போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். கை கழுவும்போது கரண்டு போனது. கரண்டு இல்லை என்று அக்காவின் பெட்டி கூவ ஆரம்பித்தது.

கயிற்றை இழுத்தேன். மண்ணெண்ணெய் நாற்றம்தான் வந்தது. இருபது தடவைக்கு மேல் இழுத்திருப்பேன். அக்காவால் கத்திக் கூப்பிட முடியாது என்பதால் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவாள். அது கேட்டது. கார்புரேட்டருக்கு அடியில் இருந்த திருகைக் கழற்றி மண்ணெண்ணெயை மண்ணில் வடித்தேன். பிளக்கைக் கழற்றித் துண்டில் துடைத்தேன். கரண்டிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பிளக்கைத் திரும்ப முடுக்கும்போது மரை ஏறாமல் ஒரு தரம் கோணிக்கொண்டது. எடுத்து மறுபடி வைத்தேன். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவளுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. பெட்ரோலைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது.

அக்கா முன்பக்கம் குனிந்து கிடந்தாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் உத்தமபாளையத்திலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். இதயத்துக்கு வேலை கூடிவிட்டது, இனி கட்டிலை விட்டு இறங்க வேண்டாம் என்றார். அதுவரை அவள் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படி வரை நடந்துகொண்டிருந்தாள்.

மச்சான் என்ன ஆனது என்று கேட்டார்.

"மண்ணெண்ணெய் சரியில்ல மச்சான். தண்ணி கலந்திருக்கு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. அவர் கேனைத் தூக்கிக்கொண்டு நேரே ரேஷன் கடைக்குப் போய்விட்டார். அங்கே எடை போடுகிறவரின் சட்டையைப் பிடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஆள் மாதா மேல் சத்தியம் செய்தாராம். மச்சான் நம்பவில்லை. என்னை நம்பினார்.

மறுநாளிலிருந்து வீட்டுக்குள் மண்ணெண்ணெய் வரக்கூடாது என்றார். மிஷின் பெட்ரோலிலேயே ஓடியது. இரண்டு நாளைக்கு ஒருமுறை மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு உத்தமபாளையம் போய் வந்தார். கறவை மாட்டை விற்றார். கொட்டத்தில் மிஷின் மட்டும் நின்றது.

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. சத்தம் மெலியாமல் இஞ்சின் நின்றதைக் கட்டிலில் இருந்தபடி கேட்டிருக்கிறாள்.

"ஏலே, மண்ணெண்ண மேல பழியப் போட்டுட்ட."

"ம்."

"சொல்லிரு. அவரு என்ன, ஒன்னயத் தின்னுருவாரா?"

"சொல்றேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

"நாளைக்கு நீ எந்த ஊருலயோ" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது. பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளாகவும் மச்சானிடம் சொல்லவில்லை. நானும் எந்த ஊருக்கும் போகவில்லை.

அடுத்த பங்குனியில் அக்கா இறந்தாள். அப்போது கரண்டு இருந்தது, பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அதை நிறுத்தினேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

முப்பது நாள் பூசை முடிந்த வாரம், ஜெனரேட்டரை வாங்கக் குச்சனூரிலிருந்து ஒருவர் வேன் கொண்டுவந்தார். அங்கே தேங்காய், பழக்கடை வைத்திருப்பவர். மிஷினின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை மச்சானும் பிடித்துத் தூக்கினோம்.

"நல்ல மிஷினு" என்றார் மச்சான் அவரிடம். "ஒண்ணே ஒண்ணு. மண்ணெண்ண மட்டும் ஊத்திராதீக. அதுலதான் எங்க வீட்டுல கெட்டுப்போச்சு."

"சரிங்க" என்றார் அவர்.

மச்சான் என்னைப் பார்த்து, "சொல்லுய்யா, ஒனக்குத்தான அதப் பத்தித் தெரியும்" என்றார்.

"ஆமா, ஊத்தாதீக" என்றேன். வேனின் கதவை ஏற்றிக் கொக்கியை மாட்டினேன்.