சுண்டக் காய்ச்சின பியர்

மொன்ட்ரியால் நகரத்தில், வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் வேலை என்றால், சனம் பியரைப் பற்றிக் கேட்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, பானையைப் பற்றித்தான் கேட்கும். மோல்ட் பாணி, அதாவது முளைகட்டிய பார்லியின் பாகு, ரின்னில் தயாராக வருகிறது. அதைத் தண்ணீரில் கரைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஈஸ்ற் தூவி வாளியில் புளிக்க வைத்தால் சரி. இருபது லீற்றர் பியருக்கு இருபது லீற்றரையும் கொதிக்க வைக்கலாம். பத்தைக் கொதிக்க வைத்து, மிச்சத்துக்குப் பச்சைத்தண்ணியைப் பிறகு விடலாம். இவ்வளவுதான் விஷயம். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

கொதிக்காத பானை

ஒரு கியூபெக்காரர், இணையத்தில் எல்லாம் வாசித்துவிட்டு வந்திருந்தார். முழுத் தண்ணீரையும் கொதிக்க வைத்தால்தான் அசல் பியர் என்று எனக்கே பாடம் எடுத்தார். வீட்டில் என்ன அடுப்பு என்று கேட்டேன். வாடகை வீட்டுக் கரண்ட் அடுப்பு. அப்படியென்றால் பத்து லீற்றரே போதும் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கடையிலிருந்த ஆகப் பெரிய பானையைக் கட்டிப்பிடித்தபடி மெற்றோவுக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தார். மத்தியானம் ஏற்றின பானை பொழுதுபடும்வரை ஆவி மட்டும் விட்டதாம். ஜன்னலெல்லாம் வேர்த்து, கீழ்வீட்டுக்காரி ஏறிவந்து சத்தம் போட்டாளாம். அன்றைக்கே சொன்னேனே என்பது வாய்வரை வந்தது. முதலாளி பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன். அவர் கோபமே இல்லாமல் பிரெஞ்சில் சொன்னார்: "பானை அருமையானது. இதற்கேற்ற அடுப்பையும் நீங்கள் விற்க வேண்டும்."

அம்மனின் கிடாரம்

யோகன் அண்ணை நகரத்தின் வடக்கே, மொன்ட்ரியால்-நோர்க்காரர். மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் பெரிய வீடு வைத்திருக்கும் சம்மந்தி, பெண் பார்க்க வந்த அன்றே விலைகூடிய போத்தல் ஒன்றை மேசையில் வைத்து, இதெல்லாம் உங்களுக்குப் பழக்கமிராது என்றாராம். அண்ணைக்கு அது தைத்துவிட்டது. நிச்சயார்த்தத்துக்குத் தன் கையால் காய்ச்சின பியர்தான், பொன் மாதிரி இருக்கும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதுவரை அவர் தேத்தண்ணிகூடப் போட்டதில்லை.

மனைவி ராணி அக்காவையும் கூட்டிக்கொண்டுதான் கடைக்கு வந்தார். பானை வாங்கத் தேவையில்லை, வீட்டிலேயே அண்டா மாதிரிப் பெரிய கிடாரம் இருக்கிறது, முழுதாகக் கொதிக்க வைக்கப் போகிறேன் என்றார். அது எந்தக் கிடாரம் என்பது அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவ சத்தம் போடவில்லை, என்னைப் பார்த்தே சொன்னா: "தம்பி, அம்மனுக்குப் புக்கை பொங்கிற கிடாரத்தில இவர் பியர் காய்ச்சினா, பேந்து இவரையும் அதுக்குள்ள வைச்சு அவிப்பன்."

பால்காரன் வேலை

அதற்குப் பிறகு மிஞ்சியது இறைச்சிக்கறிப் பானைதான். பரவாயில்லை, நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பத்து லீற்றர் கொதிக்க வையுங்கோ என்றேன். பாணியில் கொஞ்சத்தை முதலில் போடவேணும், மிச்சத்தை இறக்குகிற நேரம் போடவேணும், இல்லாவிட்டால் கறுத்துவிடும் என்றேன். கடைசியாக வாளியில் பத்து லீற்றர் பச்சைத்தண்ணி விடச் சொன்னேன். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் நிமிர்ந்தார். சம்மந்தி வீட்டுக்குக் குடுக்கிற சாமானிலா தண்ணி கலக்கச் சொல்கிறாய் என்பதுபோல ஒரு பார்வை. "தம்பி, நான் பியர் காய்ச்ச வந்தனான், பால் விக்க வரேல்லை."

பாயாசம்

ஞாயிற்றுக்கிழமை, கடையில் வரிசை நிற்கும்போது யோகன் அண்ணையின் போன் வந்தது. முழுப் பாணியையும் முதலிலேயே ஊற்றிவிட்டார். நல்ல சாமான் சுண்டினால்தான் ருசி என்று மூடியையும் திறந்து விட்டிருக்கிறார். பானை கருங்கல் நிறத்தில் குமிழி விடுகிறதாம். அடுப்பை நிப்பாட்டுங்கோ, ஆறினதும் தண்ணி விடுங்கோ என்று கடையே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அந்தப் பக்கம் சாந்தமாகப் பதில் வந்தது: "பாயாசத்தை இறக்கினாப் பிறகு ஆரும் தண்ணி விடுறவையே?"

சம்மந்தியின் தீர்ப்பு

அடுத்த மாதம் நடந்த நிச்சயார்த்தத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். ஏதும் பிழையாய்ப் போனால் பழிபோட ஒரு ஆள் வேண்டுமே. போத்தலைத் திறந்தார். பொன்னுமில்லை, பித்தளையுமில்லை, எஞ்சின் ஒயில். சம்மந்தி கிளாசை வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சம் அந்தப் பக்கம் போகவில்லை. யோகன் அண்ணை போத்தலை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. மகளும் தகப்பனைப் பார்க்காமல் சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்மந்தி குடித்தார். மறுபடி நீட்டினார். இருபது லீற்றருக்குரிய பாணி பத்துக்கும் குறைவான தண்ணீரில் இருந்தால் என்ன ஏறுமோ அது ஏறியது. இரண்டாவது கிளாசோடு அண்ணையின் தோளில் கையைப் போட்டார். "இஞ்ச எல்லாரும் தண்ணியைக் கலந்துதான் தாறாங்கள். மனிசன் எண்டா நீங்கள்தான் சம்மந்தி, கலப்படமில்லாத ஆள்."

கலியாணத்துக்கு

திங்கட்கிழமை அண்ணை கடைக்கு வந்தார், நடையே மாறியிருந்தது. சம்மந்தி கலியாணத்துக்கும் அதே பியர்தான் வேண்டும் என்று நான் வெளிக்கிட்ட பிறகு அங்கே கூடியிருந்த சனத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். உம்மட பேச்சைக் கேட்டிருந்தால் மானம் போயிருக்கும் என்று என்னையும் குத்திக் காட்டினார். சரி, அன்றைக்கு எவ்வளவு தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தீர்கள் என்று கேட்டேன். முகம் மெல்ல வெளிறியது. கவுண்டரில் சாய்ந்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்: "அதைத்தான் தம்பி, உமக்குத் தெரியும் எண்டு வந்தனான்."

பத்து லீற்றரோ இருபது லீற்றரோ, இந்தத் தொழிலில் ஒழுங்காக அவிகிறது கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் மட்டும்தான்.