பேங்க் சாரின் அறுபது டிகிரி வெட்ஜ்

பையிலிருந்து அந்த வெட்ஜை உருவி பேங்க் சார் கையில் நான் கொடுக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். எனக்கோ அதை எடுத்துக் கொடுக்கவே மனசு வராது. கோல்ஃப் பையில் இருக்கிற மட்டைகளிலேயே, அதாவது கிளப்புகளிலேயே, முகம் அதிகமாக மல்லாந்திருப்பது அதுதான், அறுபது டிகிரி. கை பழகியவர் அடித்தால் பந்து நெட்டுக்குத்தாக எழும்பி, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் மெத்தென்று இறங்கி நின்றுவிடும். புதிதாக ஆட வருகிறவருக்கு அது ஆகாது. பேங்க் சார் புதியவர், ஐம்பது வயதில் கற்றுக்கொள்ள வந்தவர். டிவியில் யாரோ அடித்ததைப் பார்த்து, ஆசைப்பட்டு வாங்கியிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு கோல்ஃப் மைதானத்தில் கேடி வேலை பார்த்தேன். ஆடுகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை. ஜோகுபாளையத்திலிருந்து விடியற்காலையில் விபூதி பூசிக்கொண்டு சைக்கிளில் போய்விடுவேன். ஏழு மாதம் பேங்க் சாருக்கு நான்தான் கேடி. "சாப்ட்டியாப்பா?" என்று கேட்காமல் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவரும் இட்லியில் இரண்டை எனக்கென்று தனியாகக் கட்டி வைத்திருப்பார்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன்; பந்து அதற்குப் பத்தடி வெளியே கிடக்கும். நடுவில் பள்ளம் கிடையாது, மணல் கிடையாது, பாய் விரித்த மாதிரி புல். "அறுபது குடுப்பா" என்பார். பந்தை நாம்தான் தூக்கிவிட வேண்டும் என்று அவருக்கு நினைப்பு. குழம்புக்கு அடியிலிருந்து காயை அள்ளுகிற மாதிரி மணிக்கட்டை மடக்கி அள்ளுவார். அதன் முகம் மல்லாந்திருப்பதே பந்தைத் தூக்கத்தான், நாம் அள்ள வேண்டியதே இல்லை. அள்ளினால் இரண்டில் ஒன்று நடக்கும். பந்துக்குப் பின்னால் மண்ணில் குத்தி, பந்து ஒரு சாண் நகரும். இல்லையென்றால் கிளப்பின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி முயல் மாதிரி ஓடும். முகம் அவ்வளவு மல்லாந்திராத ஏழாம் நம்பர் அயர்னை எடுத்து மெதுவாக உருட்டிவிட்டால் போதும், குழந்தைகூடச் செய்யலாம்.

நான் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஒரு மெம்பருக்கு யோசனை சொல்லப்போய், பதினைந்து நாள் வேலையில்லாமல் நின்றிருந்தேன். எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கேடி மாஸ்டர் அன்றைக்குக் கன்னடமும் தமிழுமாகத் திட்டினார்: "கேட்டா சொல்லு. கேக்கலியா, சும்னே இரு. அவங்க பந்து, அவங்க கிளப்பு, உனக்கென்னய்யா நோவு?"

வாயை மூடிக்கொண்டேன் என்றும் சொல்ல முடியாது. கேடி ஷெட்டில் நன்றாகத் திறந்தேன். "மச்சி, இன்னிக்கு உங்க சாரு எத்தினி முயல் வுட்டாரு?" என்று மற்ற கேடிகள் கேட்பார்கள். நான் எழுந்து நின்று மணிக்கட்டை மடக்கி அவர் மாதிரியே அள்ளிக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். செவ்வாய்க்கிழமை கோயிலில் நிற்கும்போது மட்டும் மனசு கேட்காது. "முருகா, அந்த மனுஷன் கையிலிருந்து அந்த அறுபதை வாங்கிடுப்பா" என்று வேண்டுவேன். ஆயுத பூஜையன்று எல்லா கிளப்புக்கும் சந்தனம் வைத்தபோது, அதற்கு மட்டும் கூட இரண்டு பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

அவருக்குக் கான்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. போவதற்குள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஆடிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு ஹேண்டிகேப் என்கிற தகுதி கிடைக்க வேண்டும். கடைசி வாய்ப்பான அன்று, கடைசிக் குழியில் ஆறு தடவை அடிப்பதற்குள் பந்தைப் போட்டுவிட்டால் கிடைத்துவிடும். மூன்று அடியில் கிரீன் ஓரத்துக்கு வந்துவிட்டார். இன்னும் மூன்று அடி கையில் இருக்கிறது, முன்னால் வழவழவென்று புல். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஏழாம் நம்பரை உருவி நீட்டினேன்.

"அறுபதுப்பா" என்றார் சிரித்துக்கொண்டே, நான் மாற்றி எடுத்துவிட்டேன் என்று நினைத்து.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஏழாம் நம்பரை உள்ளே வைத்துவிட்டு அறுபதைக் கொடுத்தேன். முதல் அடி மண்ணில் குத்தியது. அடுத்தது முயலாக ஓடி எதிர்ப்பக்க மணலில் விழுந்தது. ஒன்பதில் முடித்தார்.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது கேட்டார். "அந்த ஏழு, தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"ஆமா சார். உருட்டிவிட்டா போதும் சார்."

"இன்னிக்குத்தான் தோணிச்சா?"

"மொத நாள்லேர்ந்தே தெரியும் சார்."

அவர் கை ஷூ கயிற்றிலேயே நின்றுவிட்டது. "ஏன்ப்பா சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "கேக்கணும்னே எனக்குத் தெரியலியேப்பா" என்றார்.

ஏழு மாதம் முருகனிடம் சொன்னேன், ஷெட்டில் சொன்னேன். என் பசியைத் தினமும் கேட்ட மனுஷனிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நான் பந்தடித்துப் பழகும் மைதானம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிற யாராவது குட்டி அடிக்கு வெட்ஜை எடுத்து அள்ளத் தொடங்கினால், கேட்காமலே போய்ச் சொல்லிவிடுகிறேன். "நான் ஒங்கள கேட்டனா?" என்று போன மாதம் ஒரு சாஃப்ட்வேர் தம்பி எரிந்து விழுந்தார், ஆபீஸிலும் புகார் கொடுத்துவிட்டார். மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா மணிக்கட்டை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். நேரே அவர்களிடம் போனேன்.