வயதாக்கித் தந்த முகம்

புதுக்குடியிருப்பில் நான் சின்னதாக ஒரு புகைப்பட ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். போன வருடம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர், யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல்போன தன் கணவரின் பழைய படத்தைக் கொண்டுவந்தார்.

"இப்ப அவர் எப்பிடி இருப்பார் எண்டு கொம்பியூட்டரில செய்யலாமாமே. செய்து தாங்கோ தம்பி."

செய்தேன். ஒரே நிமிடத்தில் நான்கு முகங்கள் வந்தன. நான்கும் நான்கு ஆட்கள். காதோரம் நரைத்திருந்த ஒன்றை அக்கா விரலால் தொட்டார்.

"இதுதான் அவர்."

மற்ற மூன்றையும் அழித்துவிட்டு, அதை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து மூச்சிரைக்க வந்தார்.

"தம்பி, வவுனியா பஸ் ஸ்ராண்டில ஒராள் படத்தைப் பாத்திட்டு, இவரைக் கண்டனான் எண்டவர். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுறாராம். நாளைக்குத் தனிய வரட்டாம்."

"அக்கா, அது கொம்பியூட்டர் தன்ர பாட்டில செய்த முகம். அப்பிடி ஒராள் இல்லை."

"அப்ப கண்டவர் பொய்யே சொல்லுறார்?"

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். "அந்தா நிக்கிறார்" என்று அக்கா கை காட்டினார். என்னைக் கண்டதும் அந்த மனிதர் சனத்துக்குள் மறைந்துவிட்டார்.

திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கியதும் அக்கா சொன்னார்.

"நீங்கள் வந்தபடியால்தான் அவர் போனவர். அடுத்த முறை உங்களுக்குச் சொல்லமாட்டன்."

இப்போதெல்லாம் வவுனியா பஸ் வரும் நேரத்தில் கடை வாசலில் நின்று, அக்கா ஏறுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.