சந்தைக்குச் சந்தை ஒரு மாத்திரை

எழுபதுகளில் என் கணவர் தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று தினம் ஒரு ஊர்ச் சந்தையில் வளையல் கடை போடுவார். சாயங்காலம் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் வளையல் பெட்டி கலகலக்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன்.

முழங்கையிலும் முதுகிலும் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸ் அவரை வாட்டியது. மதுரை டாக்டர் ஒரு மஞ்சள் மாத்திரை எழுதி, "சந்தைக்குச் சந்தை ஒண்ணு போடுங்க, மறக்காது" என்றார். ஊருக்கு வாரம் ஒரு சந்தைதானே என்று டாக்டர் நினைத்திருக்கிறார்.

கொஞ்ச நாளில் இவருக்கு வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை, காய்ச்சல் வேறு. பதறிப்போய் மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

"மாத்திரையை எப்பப் போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"நேத்து கம்பம் சந்தை, முந்தாநாள் போடி சந்தை. ஒண்ணுகூட விடலையே சார்" என்றார் இவர். என்னிடம் திரும்பி, "சந்தைக்குச் சந்தைன்னுதான டாக்டரு சொன்னாக?" என்றார்.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வாரத்துக்கு ஒரு தடவைதாம்மா! தினம் போட்டா உயிரே போயிரும்" என்று அப்போதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிழைத்தது மறுபிறப்பு.

பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் நானே எடுத்துக் கொடுத்தேன். இன்றும் எந்த மாத்திரையானாலும், என்றைக்குச் சாப்பிட வேண்டும் என்று கிழமையின் பெயர் சொல்லிக் கேட்டு, டாக்டரிடமே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

அவர் இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்காவது வளையல் கலகலத்தால், என் கை மாத்திரை டப்பாவைத் தேடுகிறது.