நஞ்சுக்கொடி விழும் வரை

பாகீரதி மாமிக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றிய மூன்று தெருக்களுக்குள். கணவர் பட்டாபிராமன் இறந்தபின், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தமிழ்நாட்டில் மாடு வளர்ப்பவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு, ஒரு தீவனக் கம்பெனியின் சார்பில் போனில் பதில் சொல்லும் வேலை. கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு ராசிபுரத்து மாட்டுக்கு யோசனை. காலம் அப்படி!

அந்த அழைப்புகளின் பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் தொழுவத்தில் எப்போதும் நாலு மாடு நிற்கும். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

மாமிக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது பெங்காலி. அதனால் கம்பெனி கொடுத்த கையேட்டை என்னைப் படிக்கச் சொல்லி, ஒரு நோட்டில் தமிழ் வார்த்தைகளை பெங்காலி எழுத்தில் எழுதிக்கொண்டார். கிடாரி என்றால் இன்னும் ஈனாத இளம் பசு. தலையீற்று என்றால் முதல் பிரசவம். சீம்பால், ஈன்றதும் சுரக்கும் கெட்டியான மஞ்சள் பால். மடி வீங்கிப் பால் திரிந்து வந்தால் மடிநோய், உடனே டாக்டரைக் கூப்பிடு. பஸ்ஸில் வரும்போதெல்லாம் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்குமாம். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"மாமி, மாட்டுக்கு மேல் தாடையில முன்பல்லு எத்தனை?"

"எட்டா?"

"ஒண்ணுகூடக் கிடையாது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது மாமி."

மேஜையே சிரித்தது. மாமியும் சிரித்தார். "நேக்கு என்னடா தெரியும்? கரியாஹாட் கடைத்தெருவுல நிக்கற மாடு என்கிட்ட வாயைத் திறந்தா காட்டறது?" ஆனால் அன்று சாப்பாட்டு டப்பாவைப் பாதியிலேயே மூடினார். நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

ராசிபுரம் பக்கத்து விஜயாவுக்கு இருந்தது ஒரே ஒரு கிடாரி. மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. விற்றுவிடு என்று வீட்டில் நெருக்கினார்கள். காலையில் மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்று மாமி நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். நாலாவது ஊசியில் சினை பிடித்தது. அதன்பின் விஜயா எப்போது கூப்பிட்டாலும் "அந்த அக்காகிட்டக் குடுங்க" என்றுதான் கேட்பாள். ஒன்பது மாதமும் இப்படியே போயிற்று. முகம் தெரியாத ஒரு மாட்டுக்காக மாமி காலண்டரில் நாள் எண்ணினார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் அழைப்பு வந்தது. அந்தப் பதிவை நான் பிறகு எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"கன்னு போட்ருச்சுங்க்கா! பொட்டக் கன்னுங்க!"

"ரொம்ப சந்தோஷம் விஜயா. சீம்பால் குடுத்தாச்சா? ஒரு மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும்."

"இல்லீங்க்கா. நஞ்சுக்கொடி விழுகாம கன்னை ஊட்ட உடக் கூடாதுன்னு எங்க மாமியா சொல்றாங்க."

"அப்படி இல்லைம்மா, காத்திருக்க வேண்டாம். கன்னு குடிச்சாத்தான் நஞ்சுக்கொடி சீக்கிரம் விழும்."

பின்னாலிருந்து ஒரு வயதான குரல் கேட்டது. "அந்தப் பொம்பளை மாடு வெச்சுப் பொழைச்சவளான்னு கேளு மொதல்ல!"

நோட்டு அவர் முன்னால் திறந்துதான் கிடந்தது. பிறகு மாமியின் குரல் சின்னதாக வந்தது.

"பெரியவா... பெரியவங்க அனுபவத்துல சொல்றாங்க. அவங்க சொல்றபடியே பண்ணுங்க."

வாடிக்கையாளரிடம் வாதாடவில்லை என்று நான் அந்த அழைப்புக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். எங்கள் வீட்டிலும் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை அவிழ்ப்பார்கள். அதனால் எனக்கு அது தப்பாகவே படவில்லை. நாலு மாடு வளர்த்த வீட்டுக்காரனின் லட்சணம் இது. ஏட்டுச் சுரைக்காய்தான் அந்தக் கன்றைப் பிழைக்க வைத்திருக்கும், அதைக் கேலி பேசியே வாயடைத்தவன் நான்.

ஏழாம் நாள் விஜயா கூப்பிட்டாள்.

"கன்னு போயிருச்சுங்க்கா. ஒம்பது மணி நேரம் கழிச்சுத்தான் கொடி விழுந்துச்சு, அப்பறந்தான் பால் குடுத்தோம். மூணாம் நாளு கழிச்சல் புடிச்சுக்கிச்சு. பொறந்தவுடனே சீம்பால் போயிருந்தாத் தாங்கியிருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க."

விஜயாவே தொடர்ந்தாள்.

"நீங்க மொதல்ல சரியாத்தானுங்க சொன்னீங்க. அப்பறம் ஏங்க்கா மாத்திச் சொன்னீங்க?"

"நான் மாட்டைத் தொட்டதுகூட இல்லைம்மா. எனக்கு என்ன தெரியும்னு நானே நினைச்சுட்டேன். நேக்குத் தைரியம் வரலை." போனில் ஒருநாளும் வராத வீட்டுப் பேச்சு அன்று வந்துவிட்டது. "என்னை மன்னிச்சுடு."

விஜயா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"மாடு கத்தீட்டே கெடக்குதுங்க்கா. மடி கட்டிக்கிச்சு, கறக்கப் போனா ஒதைக்குது. என்ன பண்றதுங்க?"

கன்று இறந்த மாட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்த நோட்டில் இருந்தது. மாமி பக்கத்தைப் புரட்டும் சத்தம் பதிவில் கேட்கிறது.

"வெதுவெதுப்பான தண்ணில துணியை நனைச்சு மடியில ஒத்தடம் குடுங்க. தீவனத்தை முன்னால வெச்சு, தினமும் நீங்களே கறங்க, ஆளை மாத்த வேண்டாம். அப்பறம்..." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கன்னு படுத்திருந்த சாக்கு இருக்கா?"

"இருக்குதுங்க்கா."

"அதைத் துவைக்காதீங்க. மாட்டு மூக்குக்கிட்டப் போட்டுட்டுக் கறந்து பாருங்க. கன்னு வாசனைக்குப் பால் விடும். அப்பவும் மடி கல்லாட்டம் இருந்தா டாக்டரைக் கூப்பிடணும்."

விஜயா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இதையும் எங்க மாமியா வேண்டாம்னா, நீங்களும் வேண்டாம்னு சொல்லீருவீங்களாங்க்கா?"

"மாட்டேன்" என்றார் பாகீரதி மாமி. "இனிமே மாட்டேன்."

கன்று செத்து அப்போது இரண்டு நாள் ஆகியிருந்தது.