கிணற்றடிப் பாதை வழக்கு

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மூன்றையும் ஒழுங்காகப் படித்தேன். எழுத்து மெல்லத்தான் வரும். வரட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை. என்னை விசாரிப்பதற்காக ஒரு பல்கலைக்கழகம் மொன்றியலின் ஓரத்திலிருக்கிற ரொக்ஸ்பரோவுக்கு ரயிலேறி வந்த கதையைத்தான் எழுதப்போகிறேன்.

பல்கலைக்கழகம் என்றால் முழுதாக வரவில்லை. ஒரு பிள்ளை வந்தாள். முப்பது வயதிருக்கும். எங்கள் ஆட்களின் பிள்ளைதான், கைக்குழந்தையாக மொன்றியலுக்கு வந்தவள். சண்டை நடந்த நாடுகளில் சாதாரண சனங்கள் தங்கள் பிணக்குகளுக்கு நீதி கேட்டு யாரிடம் போனார்கள், போனவர்களுக்கு அது கிடைத்ததா என்று ஆராய்கிறாளாம். எங்கள் மாதா கோயிலில் பூசை முடிய சுவாமியார் இதை அறிவித்து, கதைக்க விருப்பமானவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். ஏனென்றால் என்னிடம் ஒரு வழக்கு இருந்தது.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எனக்கும் பக்கத்துக் காணிக்காரிக்கும் ஒரு பங்குக் கிணறு. கிணற்றடிக்குப் போக ஒரு பாதை. ஒரு மனிசி இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு முட்டுப்படாமல் நடக்கக்கூடிய அகலம், அவ்வளவுதான். அந்தப் பாதை என் காணிக்குள் இருக்கிறது. தன் காணிக்குள் என்று அவள் சொல்வாள். ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கிறபோது கதியால் தடிகளை என் பக்கமாகத் தள்ளித் தள்ளி நட்டவள் அவள். நான்தான் தள்ளி நட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளும் அவள்தான். இப்போது லவாலில் மகனோடு இருக்கிறாள். கோயில் இருவருக்கும் ஒன்றுதான். அவள் மாதாவின் பக்கம் இருப்பாள், நான் சூசையப்பர் பக்கம் இருப்பேன். கதை பேச்சு இல்லை.

அது சண்டை நின்று ஊரில் சமாதானம் வந்திருந்த காலம். ஊருக்குப் பாதை திறந்துவிட்டது. கோடை விடுமுறைக்கு அவள் போய், வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மதில் கட்டப்போகிறாள் என்று எனக்குச் செய்தி வந்தது. வேலி என்றால் அடுத்த வருடம் பிடுங்கி நடலாம். மதிலை யார் பிடுங்குவது? சீமெந்து காய்ந்தால் என் பாதை போனதுதான். ஆகவே கோடைக்கு முன் எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளை வருகிற அன்று கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்தேன். சத்தியம் செய்ய வேண்டிவரும் என்று வேதாகமத்தை மேசையில் எடுத்து வைத்தேன். மருமகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மாமி, இது வழக்குப் பேசுற கோடு இல்லை. சும்மா கேள்வி கேக்கத்தான் வாறா."

"சும்மா கேள்வி கேக்க ஆரும் ரயிலேறி வருவினமோ?"

பிள்ளை வந்தாள். சின்னப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்து அழுத்த, சிவப்பு விளக்கு எரிந்தது.

"அன்ரி, உங்கடை பெயர் ஒரு இடத்திலையும் வராது. எல்லாம் இரகசியம். பயப்பிடாமல் கதையுங்கோ."

"பெயர் போடாட்டி பாதை ஆரின்ரை எண்டு எப்பிடித் தெரியும்? வடிவாப் போடு பிள்ளை. தகப்பன் பெயரையும் போடு."

"போடேலாது அன்ரி. ஆராய்ச்சியின்ரை விதி அப்பிடி."

அவளுடைய விதியை மதித்து இங்கும் நான் ஒரு பெயரும் எழுதவில்லை. ஊரவர்களுக்கு ஆள் விளங்கும்.

பிறகு அவள் கேட்டாள், நான் சொன்னேன். முதலில் ஊர் அதிகாரி விதானையாரிடம் போனோம். அவர் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்துவிட்டுக் காலடியால் அளந்தார். என் வீட்டில் குடித்ததும் பாதை என் பக்கம் வந்தது, அவள் வீட்டில் குடித்ததும் அங்கே போனது. பட்டணத்துக் கோட்டுக்குப் போனோம். வழக்காடுகிற அப்புக்காத்துமார் எழும்பிக் கதைக்கத் தொடங்க ஷெல் விழுந்தது. அடுத்த தவணைக்குப் போனால் நீதவான் மாறிப் போய்விட்டார். அதற்கடுத்த தவணைக்குப் போனால் கோட்டுக் கட்டடமே அங்கில்லை. பிறகு ஊரைப் பிடித்திருந்த இயக்கப் பெடியளின் கோட்டுக்குப் போனோம். என் மகனிலும் இளைய ஒருவர் நீதவான். நேரில் வந்து கிணற்றைப் பார்த்து, ஒரு வாளி அள்ளிக் குடித்து, தண்ணி நல்லது என்றார். தீர்ப்பை வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமை வருமுன் ஊரே இடம்பெயர்ந்தது, அவரும் பெயர்ந்தார். கடைசியாக முகாமில் சுவாமியாரிடம் போனோம். கிணறும் இல்லை, வேலியும் இல்லை, மரத்தடியில் இருந்து வழக்குக் கதைத்தோம். அவர் இரண்டு பேரையும் செபமாலை சொல்லவைத்து அனுப்பிவிட்டார்.

"எங்கடை வழக்கைத் தொட்ட ஒருத்தரும் ஊரிலை நிலைக்கேல்லை, பிள்ளை."

"கோட்டுக்கு எப்பிடி அன்ரி போவியள்? பயமில்லையோ?"

பயம்தான். வழியில் சோதனை, குண்டு. தனியாகப் பெண்பிள்ளை போகமுடியாது. வருகிறதும் ஒரு லொறிதான். ஆகவே வழக்குக்கு நானும் அவளும் ஒன்றாகத்தான் போனோம். அவள் புட்டு கட்டிவருவாள், நான் மீன் பொரித்துக் கொண்டுபோவேன். கதைக்காமலே பரிமாறிச் சாப்பிட்டுவிட்டு, உள்ளே போய் ஆளை ஆள் கள்ளி என்று சொல்வோம். இதைக் கேட்டுப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப, நீதி கிடைச்சதோ அன்ரி?"

"கிடைக்கேல்லை. அதை எழுது. எழுதிப்போட்டுத் தீர்ப்பைச் சொல்லு."

"ஐயோ அன்ரி, நான் தீர்ப்புச் சொல்லுற ஆள் இல்லை."

"பின்னை என்னத்துக்கு என்ரை வாயைக் கிண்டினனி?"

பாவம், முகம் சிவந்துபோனாள். நான் வைத்த வடையையும் தொடவில்லை. வயிறு நிறைய முதலே சாப்பிட்டுவிட்டாளாம். அவள் சால்வையை எடுக்கத் தன் பையைத் திறந்தபோதுதான் கண்டேன். மாஜரின் டப்பா ஒன்று, அதற்குள் பயற்றம் பணியாரம். எல்லோரும் தேசிக்காய் அளவில் சின்னதாகப் பிடிப்பார்கள். இது தோடம்பழம் அளவு. அந்த அளவில் பெருமைக்குப் பிடிக்கிறவள் எங்கள் ஊரில் ஒருத்திதான்.

"லவாலுக்கும் போனனியோ?"

"ஆரிட்டைப் போனன் எண்டு நான் சொல்லேலாது அன்ரி."

"நீ சொல்லத் தேவையில்லை. டப்பாவை மூடு."

லவால்காரி என்னை முந்திவிட்டாள்! அதுவும் பணியாரத்தோடு. எதிராளியையும் கூப்பிட்டு முகத்துக்கு முகம் விசாரி என்று நான் பிடிவாதமாக நின்றேன். பிள்ளை எப்படியும் கதைத்தவர்கள் எல்லோரையும் ஒருநாள் ஒன்றாக இருத்துகிற எண்ணத்தில்தான் இருந்தாள். கார்ட்டியர்வில்லில் எங்கள் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் அது நடந்தது. லவால்காரியும் வந்திருந்தாள்.

ஊரில் பிணக்குத் தீர்க்கிற முறையை ஒருக்கால் நடித்துக் காட்டுங்கள் என்று பிள்ளை கேட்டதுதான் பிழை. சனம் கதிரைகளை இழுத்து வேலி போட்டது. கோயில் குசினியின் பெரிய சூப் பானை கிணறானது. நான் நிலம் துடைக்கிற வாளிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு பாதையில் நடந்து காட்டினேன். பாதி தூரம் போக, அவள் பக்கத்துக் கதிரை ஒன்று என் முழங்காலில் இடித்தது.

"பாருங்கோ! கனடாவிலையும் நகர்த்துறாள்!"

"கால் தட்டுப்பட்டதக்கா. என்ன, கதிரைக்கும் கோட்டுக்குப் போகப்போறியளோ?"

நான் கதிரையை இருந்த இடத்தில் வைத்தேன். கொஞ்சம் அங்காலே போயிருக்கலாம். அவள் இங்காலே தள்ளினாள். சனம் கைதட்டியது. பிள்ளை சிவப்பு விளக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடித் திரிந்தாள்.

"நல்லா ஆடுங்கோ. ஆவணியிலை மதில் எழும்பும்," என்று சொல்லிவிட்டு அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அப்போது லவாலுக்கு மெற்றோவும் இல்லை. மழைக்குள் பஸ்ஸுக்கு நின்றிருப்பாள். நன்றாய் நனையட்டும் என்று நினைத்தேன்.

கோடை வந்தது, அவள் ஊருக்குப் போய்விட்டாள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. ஊரில் சீமெந்துக்குத் தட்டுப்பாடு வரட்டும் என்று கேட்டேன். மற்றவர்களும் வீடு கட்டுவார்களே என்று யோசித்து, எங்கள் ஒழுங்கைத் தெருவுக்கு மட்டும் என்று திருத்திக் கேட்டேன்.

ஆவணி முடிந்த ஒரு ஞாயிறு, பூசை தொடங்கமுன் அவள் சூசையப்பர் பக்கம் வந்து நான் இருந்த நீள வாங்கிலேயே இருந்தாள். நன்றாகக் கறுத்திருந்தாள்.

"மதில் எழும்பிட்டுதோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"எங்கையக்கா. உள்ளுக்கு விட்டால்தானே. ஆமியின்ரை பாதுகாப்பு வலயமாம். அழுது குழறி, ஒரு ஆமிக்காரன் பனையடி மட்டும் கூட்டிக்கொண்டு போனான். அங்கையிருந்துதான் பாத்தனான்."

"என்ன பாத்தனி?"

"சுத்திவர முள்ளுக்கம்பி. உங்கடை காணியும் என்ரை காணியும் ஒரே அடைப்புக்குள்ளை. நடுவிலை வேலியே இல்லை. ஒரு கதியால்கூட இல்லையக்கா."

நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு வருடமாகத் தள்ளித் தள்ளி நட்ட வேலி. கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"கிணறு?"

"இருக்கு. அவங்கள் குளிக்கிறாங்கள்."

"கிணத்தடிக்கு எதாலை போறாங்கள்?"

"வேறை எதாலை? எங்கடை பாதையாலைதான்."

எங்கடை என்றாள். நான் திருத்தவில்லை. பூசை தொடங்கிவிட்டது.

பூசை முடிய, அவளுடைய கைத்தொலைபேசியில் பிள்ளையைக் கூப்பிட்டோம். அடுத்த கிழமையே பெட்டியோடு ரொக்ஸ்பரோவுக்கு வந்தாள். நான் மீன் பொரித்திருந்தேன். இவள் லவாலிலிருந்து புட்டு அவித்துக் கட்டிவந்தாள். இந்த முறை ஒரே சோபாவில் இருந்தோம்.

"இது புது வழக்கு, பிள்ளை," என்றேன். "வழக்காளியள் ரெண்டு பேர். எந்தக் கோட்டுக்குப் போகவேணும்? நீதானே இதை ஆராயிறாய். சொல்லு."

பிள்ளை பெட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "எனக்கும் தெரியேல்லை அன்ரி," என்றாள் மெதுவாக.

"அப்ப அதை வடிவா எழுது. கேட்டனாங்கள் எண்டு எழுது," என்றாள் இவள். "பெயரோடை."

"பெயர் போடேலாது அன்ரி..."

"போடு!" என்றோம் இரண்டு பேரும்.

அவள் போட்டாளோ தெரியாது. போகும்போது பணியாரம் ஒன்று கொடுத்தோம். ஒன்றே ஒரு கை நிறைய இருந்தது. மதில் பேச்சை இவள் பிறகு எடுக்கவில்லை. ஞாயிறுகளில் என் வாங்கில்தான் இருக்கிறாள், என் சேலைத் தலைப்பின்மேல் இருந்துவிடுகிறாள், தள்ளி இரு என்றால் நீங்கள்தான் தள்ளி வந்தீர்கள் என்கிறாள். பழைய வழக்கை நான் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். தவணை போட்டிருக்கிறோம். முள்ளுக்கம்பி எடுத்த மறுநாள் வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வரும்.