நிறுத்தக் கூடாத கார்

என் மாமாவின் டீசல் காரைப் பனிக்காலத்தில் கிளப்ப ஒரு சாவியும் ஒரு தெருவும் வேண்டும். சாவியை முதலில் பாதி திருப்பி வைக்க வேண்டும். இன்ஜினுக்குள் ஹீட்டர் சூடாகும். டேஷ்போர்டில், ஓட்டை ஓட்டையான ஒரு தகட்டுக்குப் பின்னால், கம்பிச் சுருள் மெல்லச் சிவக்கும். நன்றாகச் சிவந்த பிறகுதான் சாவியை முழுக்கத் திருப்ப வேண்டும். அதற்குள் பேட்டரியில் பாதி தீர்ந்திருக்கும். மீதிப் பாதி ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்துபோகும். அப்புறம் தெரு வந்து தள்ளும்.

மாமா என் அம்மாவின் தம்பி. சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் கான்ட்ராக்ட் வேலை, எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் படுக்கை. அப்பா அனல்மின் நிலையத்தில் பெர்மனென்ட். நெய்வேலியில் கல்யாணத்துக்கு நிற்கும் ஆணைப் பற்றி முதலில் விசாரிப்பது, அவன் கான்ட்ராக்டா பெர்மனென்டா என்பதைத்தான். ஜாதகம் அதற்குப் பிறகு. மாமாவுக்கு வந்த முதல் இரண்டு வரன்களும் ஜாதகம் வரைக்கும் போகவில்லை.

வாடகைக்கு விடலாம் என்று பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியிடமிருந்து மாமா அந்தப் பழைய காரை வாங்கிவந்தார். யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. ஆனால் அம்மா அதில் வேறொரு பயனைக் கண்டாள். ‘பையனுக்குச் சொந்தமா கார் இருக்கு’ என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாள். குறிஞ்சிப்பாடிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து மூன்றாவது வரன் வந்தது. தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள். அன்றைக்கு நல்ல நேரம் அதிகாலையில்தான் இருந்தது.

கூடவே ஒரு பெண் குழந்தை வந்தால் நல்லது என்று எட்டு வயதான எனக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டார்கள். வெளியே வந்தபோது எதிர் குவார்ட்டர்ஸ் தெரியவில்லை. பனியும் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் புகையும் ஒன்றாக இறங்கியிருந்தன. கம்பிச் சுருள் பேருக்குச் சிவந்தது. கார் முனகியது, ஓய்ந்தது.

இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பாய்லர் ஆபரேட்டர் திருநெல்வேலிக்காரர். மப்ளருக்குள்ளிருந்து, “என்னவே, பாய்லரக் கொளுத்தவே எங்களுக்கு இம்புட்டு நேரம் ஆவாது. ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கோம், ஒரு காரக் கெளப்ப முடியல பாத்தீரா” என்றார். சொல்லிக்கொண்டே சைக்கிளைச் சாத்திவிட்டுத் தள்ளினார். மார்க்கெட் திருப்பத்தில் வண்டி இருமி, உயிர் வந்து, கறுப்பாகப் புகை விட்டது.

மாமா திரும்பிப் பார்த்து எங்களிடம் சொன்னார்: “பொண்ணு வூட்டுல நான் வண்டிய நிறுத்த மாட்டேன். யாரும் கேக்காதீங்க.”

அம்மா கேட்டாள்: “எவ்வளவு நேரம்டா ஓட விடுவ?”

“சம்மதம் சொல்ற வரைக்கும்.”

“அதுக்குள்ள டீசல் தீந்துடும் மாப்பிள்ள” என்றார் அப்பா.

பெண் வீடு தெருக்கோடியில் இருந்தது. அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் நனைந்து கிடந்தது. வாசலில் நின்ற கார் நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பெண்ணின் அப்பா, வண்டியில் இன்னும் ஆள் இருப்பதாக நினைத்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார். என்னை முன் சீட்டில் உட்காரவைத்து, பிள்ளைகள் யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். உள்ளே எல்லோரும் கத்திப் பேசினார்கள். வாயசைவுதான் எனக்குத் தெரிந்ததே தவிர வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை.

பெண் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, சமையலறைக்குப் போனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வீட்டின் பக்கவாட்டு வழியாக என்னிடமே வந்தார். பச்சைப் புடவை, தலையில் டிசம்பர் பூ, கையில் ஒரு தட்டுக் கேசரி.

“உள்ள வரமாட்டியா பாப்பா?”

“வண்டியப் பாத்துக்கணும்.”

“ஏன், வுட்டுட்டு ஓடிடுமா?”

“நின்னுடும்.”

சிரித்தார். “நிறுத்துனா கெளம்பாதா?”

“தள்ளுனா கெளம்பும்” என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “எங்க கொல்லையில ஒரு ஆயில் இன்ஜின் கெடக்குது. பனி வந்தா அதுவும் இப்படித்தான் அழிச்சாட்டியம் பண்ணும். அப்பா அத நிறுத்தவே பயந்துக்கினு ஓட வுட்டுடுவாரு.” பிறகு வீட்டுப் பக்கம் காதைச் சாய்த்தார். “எம் பேச்சுதான் பேசிக்கினு இருக்காங்க. எனக்கு ஒன்னுமே காதுல வுழல பாரு.”

சொன்ன கையோடு ஜன்னல் வழியாக என் மடிக்கு மேலே கையை நீட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த, இன்ஜினை நிறுத்தும் குமிழைப் பிடித்து இழுத்தார். இன்ஜின் இரண்டு குலுக்கல் குலுங்கி நின்றது. என் வாய் நிறையக் கேசரி.

அந்த அமைதியில், இரைச்சலுக்கு மேல் கத்திக்கொண்டிருந்த அம்மாவின் குரல் மட்டும் நிற்காமல் வெளியே வந்தது.

“இந்த வருஷமே பெர்மனென்ட் ஆயிடுங்க! ஆர்டர் கையில வந்த மாதிரிதான்!”

வைக்கோல் கட்டோடு தெருவில் போன இரண்டு பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே அப்பா இருமினார். பிறகு மாமாவின் குரல், வீட்டில் சாப்பாடு போதும் என்று சொல்லும் அதே குரல், எங்கள் வரைக்கும் வந்தது.

“இல்லைங்க. அக்கா ஆசையில சொல்லுது. நான் கான்ட்ராக்ட்தாங்க. எப்ப பெர்மனென்ட் ஆவும்னு எனக்கே தெரியாது. ஆவாமலும் போவலாம். அந்தக் காரும் தள்ளுனாதாங்க ஓடும்.”

பச்சைப் புடவை அக்கா கார்க் கதவில் கை வைத்தபடி அசையாமல் நின்றார். நான் அழத் தயாராக இருந்தேன். அவர் குனிந்து, “இன்னும் கொஞ்சம் கேசரி வெக்கட்டா?” என்று கேட்டார்.

எழுந்துகொள்ளும்போது பெண்ணின் அப்பா, “ஊர்ல கலந்துக்கினு சொல்லி அனுப்புறங்க” என்றார். முதல் இரண்டு வரன்களிலும் தரகரிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். அம்மா வந்து முன் சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே பார்த்தாள். என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பினாள். மாமா சாவியைப் பாதி திருப்பிக் காத்திருந்தார். சுருள் கறுப்பாகவே இருந்தது. இறங்கினார். இஸ்திரி போட்ட பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் போய், “ஒரு கை குடுக்கணுங்க” என்றார்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருடைய இரண்டு மகன்கள், எதிர் வீட்டுக்காரர், என் அப்பா எல்லோரும் சேர்ந்தார்கள். மாமா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று தள்ளி, வேகம் வந்ததும் தாவி ஏறி கியரைப் போட்டார். வண்டி மண்டியிட்டது போல் நின்றது. மறுபடியும் தள்ளினார்கள். மறுபடியும் நின்றது.

நான் பின் சீட்டில் மண்டியிட்டு, பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாக ஆண்களின் முகங்கள், பல்லைக் கடித்து, மூச்சுப் புகையாக வெளியே வந்துகொண்டு. திடீரென்று நடுவில் ஒரு பச்சை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அக்காவும் டிக்கியில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

“ஏய், நீ எங்க வர? போ உள்ள!” என்று அவருடைய அப்பா கத்தினார்.

“ஆயில் இன்ஜின சுத்தறதுக்கு மட்டும் நான் வேணும், இதுக்கு வேணாமா? தள்ளுப்பா நீ!”

அந்த வரிசையில் சிரித்த முகம் அவருடையது ஒன்றுதான். இந்த முறை வண்டி பிடித்துக்கொண்டது. கரும்புகை கிளம்பி எல்லோரையும் மூடியது. அது விலகியபோது ஆண்கள் இருமிக்கொண்டு ஒதுங்கியிருந்தார்கள். அவர் மட்டும் தெருவின் நடுவில், கைகளை இன்னும் நீட்டியபடி நின்றிருந்தார். களத்து மேட்டில் காத்திருந்து அப்பாவை ஏற்றிக்கொண்டோம்.

வடலூர் வந்ததும் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். “யாருடி வண்டிய நிறுத்துனது?” என்றாள்.

“அந்த அக்கா.”

“பாத்தியாடா? நம்மள அசிங்கப்படுத்தணும்னே பண்ணியிருக்கா. அவளுக்கு உன்னப் புடிக்கல.”

மாமா மேலே இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெறும் பனிதான் தெரிந்திருக்க வேண்டும். “ரோட்டப் பாரு மாப்பிள்ள” என்று அப்பா பின்னாலிருந்து சொன்னார்.

அடுத்த வாரம் தரகர் வந்தார். பெண் வீட்டில் எல்லோரும் யோசித்தார்களாம், பெண்தான் பிடிவாதமாக நின்று சம்மதிக்க வைத்ததாம். அம்மா நம்பாமல் இரண்டு முறை கேட்டாள். எனக்கு அதைவிடக் குழப்பம். அன்று காலை, முன் சீட்டில் இருந்த அம்மா பார்க்காததைப் பின் கண்ணாடி வழியாக நான் பார்த்திருந்தேன். ஒரு பெண் பட்டுப் புடவையோடு தெருவில் இறங்கி, அப்பா தடுத்தும் கேட்காமல், உடம்பின் பலம் முழுவதையும் போட்டு எங்கள் காரைத் தள்ளினாள் என்றால், எங்களைச் சீக்கிரம் ஊரைவிட்டு அனுப்புவதற்குத்தான் இருக்கும் என்று நினைத்தேன். சொன்னால் மாமா வருத்தப்படுவார் என்று, யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.